பத்தாவது வரிசை, ஆறாவது குழி

ரத்தநீரை ஊற்றினேனா, இல்லையா. பத்தாவது வரிசையில் ஐந்தாவது குழி வரை நன்றாக நினைவிருக்கிறது. ஐந்தாவதில் ஒரு குமிழி வந்தது, அது உடையட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவதும் நினைவிருக்கிறது. பிப்பெட்டில் மாட்டிய பிளாஸ்டிக் முனை சரியாகப் பொருந்தாமல் கழன்று மேசையில் விழுந்தது, வேறொன்று மாட்டினேன். இரண்டுக்கும் நடுவில் ஆறாவது. அந்த இடத்தில்தான் எங்கள் ஆய்வகத்துத் தங்கராணி அக்கா பின்னாலிருந்து, "ஏட்டி வடிவு, இப்பமும் மாப்பிள்ளை வீட்டுக் கருவாட்டு வாசம் புடிக்கா, இல்ல மசக்கையில அம்மா வீட்டு நாக்கு திரும்பிட்டா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். கை அந்தரத்தில் நின்றது. சிரித்து முடித்துவிட்டு எந்தக் குழியில் தொடர்ந்தேன்? அப்போதே பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், காலிக் குழி காலியாகத் தெரியும். அப்போது சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வந்தது அரைமணி கழித்து, பிளேட்டைக் கழுவி, கவிழ்த்து, மடித்த காகிதத்தின்மேல் தட்டும்போது. தட், தட், தட் என்று மூன்று தட்டு. மூன்றாவது தட்டில் கேள்வி எழுந்தது. அதற்குள் தொண்ணூற்றாறு குழிகளும் காலி. ஊற்றியவையும் காலி, ஊற்றாதது ஒன்று இருந்தால் அதுவும் காலி. வேறு யாருடைய குழியாக இருந்தாலும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு நாளை திரும்பப் போட்டிருப்பேன். ஆறாவது குழி என்னுடையது. மாதிரி எண் முன்னூற்று நாற்பத்திரண்டு. வயது முப்பத்தொன்று, கர்ப்பம் பதினோரு வாரம்.

பிளேட் இப்போது அடுத்த திரவத்தோடு இரண்டாவது தடவையாக இன்குபேட்டருக்குள் இருக்கிறது. முப்பத்தேழு டிகிரி, உடம்பின் சூடு. டைமரில் அரைமணி வைத்திருக்கிறேன், நான்கு நிமிஷம்தான் போயிருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று மாணவிகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். குழியின் அடியில் வைரஸின் துண்டுகளை ஒட்டிவைத்திருக்கிறார்கள். அந்த வைரஸ் ஒருத்தியின் உடம்புக்குள் எப்போதோ வந்துபோயிருந்தால் அவள் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருக்கும், அது துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் போகாது. கடைசியில் அங்கே மஞ்சள் நிறம் வரும். வந்ததே இல்லை என்றால் பிடிக்க ஒன்றுமில்லை, கழுவலில் எல்லாம் போய்விடும், குழி தெளிவாகத் தண்ணீர் மாதிரி நிற்கும். ஊற்ற மறந்த குழியும் அப்படித்தான் நிற்கும். வைரஸின் பெயர் சைட்டோமெகலோ. நாங்கள் சி.எம்.வி. என்போம். பெரியவர்களுக்கு வந்தால் இரண்டு நாள் காய்ச்சல், பல பேருக்கு அதுவும் கிடையாது. எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கும், சின்னப் பிள்ளைகளிடம் மாதக்கணக்கில் இருக்கும், பிள்ளைகள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும். கர்ப்பிணிக்கு முதல் தடவையாக வந்தால்தான் சில சமயம் வயிற்றுப் பிள்ளைவரை இறங்குகிறது. போன வருஷம் உப்பளத்தில் வேலை செய்யும் செல்லக்கனி என்று ஒருத்தி, பிறந்து பத்து நாளான பெண் குழந்தையோடு வந்தாள். இரண்டு காதிலும் கேட்கும் சோதனை தேறவில்லை. குழந்தையின் சிறுநீரில் வைரஸ் இருந்தது. அவள் டாக்டர் சாரதாமணியிடம், "நான் எதத் தின்னேன் டாக்டர்? எங்க போனேன்?" என்று கேட்டாள். கோபமில்லை. விலாசம் கேட்பது மாதிரிக் கேட்டாள். அதற்கப்புறம்தான் இந்த ஆய்வு ஆரம்பித்தது, மாவட்டத்தில் எத்தனை கர்ப்பிணிகளுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கிறது என்று பார்க்க. மூன்று பிளேட் முடிந்துவிட்டது, இருநூற்று எழுபது பேர், அதில் இருநூற்று ஐம்பத்தெட்டுக் குழி மஞ்சள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "பாத்தியா, நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு வந்து போயிருக்கு. எப்போ வந்துச்சுன்னு ஒருத்திக்கும் தெரியாது." அப்புறம் என் வயிற்றைப் பார்த்து, "நீயும் படிவத்துல கையெழுத்துப் போட்டு உன்னோடதையும் சேர்த்துரு. நீ மட்டும் என்ன கணக்குல வராத ஆளா?" என்றார்.

எப்போ வந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இந்த வாக்கியம் ஒரு வாரமாக உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. வந்திருந்தால் எனக்கு யார் கொடுத்திருப்பார்கள்? வழக்கமான வழி தாய்ப்பால். அது எனக்கு இல்லை. நான் பிறந்த அன்றே அம்மாவுக்கு டைபாய்டு, இருபது நாள் ஆஸ்பத்திரி, திரும்பி வந்தபோது பால் வற்றிவிட்டது. டப்பாப் பால்தான். கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்த பாலாடையில் புகட்டியிருக்கிறார்கள். பாலாடையை வேறு யாரும் தொட்டதில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அடுத்த வழி முத்தம். எங்கள் வீட்டில் உதட்டை வைத்து யாரும் யாரையும் முத்தமிட்டதாக எனக்கு நினைவில்லை. அம்மா ஐந்து விரலையும் குவித்து என் கன்னத்தைத் தொட்டு, அந்த விரல்களைத் தன் உதட்டில் வைத்துக்கொள்வாள். அப்படியென்றால் முத்தம் என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கிறது, அவளிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. இதை நேற்று குளிக்கும்போது யோசித்துத் தண்ணீரை அப்படியே ஓடவிட்டு நின்றேன். திருநெல்வேலி டவுனில் சைவ வீடு. தம்ளரை உதட்டில் வைத்தால் அந்தத் தம்ளரைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். குழம்புக்கு உப்புப் பார்க்க கரண்டியிலிருந்து உள்ளங்கையில் விட்டுக்கொண்டு, நக்கிய கையை உடனே கழுவ வேண்டும். தபால்தலையை நாக்கில் தடவி ஒட்டினால் அப்பா அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க மாட்டார், "வாங்குறவன் என்ன பாவம் செஞ்சான்?" என்பார். புத்தகத்தின் தாளை எச்சில் தொட்டுப் புரட்டியதற்காக நான் ஒரு நாள் முழுக்கப் புத்தகமில்லாமல் இருந்திருக்கிறேன். சாப்பிட்ட இடத்தைத் துடைத்த துணிக்குத் தனிக் கொடி. இதெல்லாம் சுத்தம் என்றுதான் வளர்ந்தேன். யாரிடமிருந்து சுத்தம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் வைரஸுக்கு எங்கள் காரணம் தெரியாது. அதற்கு வழி இருந்ததா, அடைத்திருந்ததா, அவ்வளவுதான்.

அடைத்திருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா. முப்பிடாதி இருந்தாளே. மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். கமர்கட்டு வாங்கினால் பாவாடை நுனியில் வைத்து மூடி, துணிக்கு மேலே கடித்து இரண்டாக்கி ஒரு பாதியைத் தருவாள். காக்காய்க்கடி. துணி நடுவில் இருப்பதால் எச்சில் இல்லை என்று எங்களுக்குள் சட்டம். வீட்டிலும் இதற்கு அனுமதி உண்டு என்று நினைக்கிறேன், அல்லது நான் கேட்டதே இல்லை. கடித்த இடத்தில் பாவாடை வட்டமாக நனைந்திருக்கும். இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பருத்தித் துணியின் இரண்டு இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி அந்த வைரஸுக்கு நாலுவழிச் சாலை மாதிரி. ஆயிரம் வைரஸ் பக்கம்பக்கமாகப் போகலாம். போயிருக்குமா? முப்பிடாதியிடம் அந்த வருஷம், அந்த மாதம், அந்தக் கமர்கட்டு தினத்தில் வைரஸ் இருந்திருக்க வேண்டும். அவளுக்கு நாலு தம்பி தங்கைகள். ஒன்றையாவது இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூட வாசல்வரை வருவாள், அது அவள் தோளைச் சப்பிக்கொண்டிருக்கும். இருந்திருக்கும். ஒரு தடவை துணி விலகி அவள் பல் நேராகக் கமர்கட்டில் பட்டது, நான் பார்த்தும் பார்க்காத மாதிரி வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன் என்று இரண்டு நாளாக ஒரு காட்சி தோன்றுகிறது. நடந்ததா? எனக்கு இப்போது அது தேவைப்படுவதால் துணி விலகுகிறதோ என்று பயமாக இருக்கிறது. முப்பத்தொரு வயது வரை அந்தத் துணி விலகியதே இல்லை. இன்னொன்று, இது நிச்சயம் நடந்தது. பன்னிரண்டு வயதில் குற்றாலத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தாகம், எங்கள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு ஒருத்தி பாட்டிலை நீட்டினாள். அம்மா, "அண்ணாந்து குடி" என்றாள். பஸ் பள்ளத்தில் இறங்கியது. பாட்டிலின் வாய் என் பல்லில் இடித்து உதட்டில் பதிந்தது. ஒரு மடக்கு, இல்லை இரண்டு. அம்மா ஆலங்குளத்தில் பஸ் நின்றதும் இறக்கிவிட்டு வாய் கொப்புளிக்க வைத்தாள். நான் கொப்புளித்தேன். எவ்வளவு நன்றாக? அந்தக் குழந்தை தன் அம்மாவின் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது. அவளுடைய முகம் வரவில்லை, வளையல் மட்டும் வருகிறது, பச்சைக் கண்ணாடி வளையல். அவளாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். முகம் தெரியாத ஒருத்தி, கேட்காமல் கொடுத்தவள்.

டைமர் அடித்துவிட்டது. பிளேட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். ஐந்து தடவை. தங்கராணி அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்து மறுபடி கொண்டை போட்டாள். அவளுக்கு இந்த ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷம், எனக்கு ரத்தம் எடுத்தவளும் அவள்தான். ஆறாவது குழியைப் பற்றி அவளிடம் சொன்னேன். "போடாம விட்டிருக்க மாட்டே. கை தானா போட்டிருக்கும். நீ மாடு தண்ணிக்குப் போற மாதிரி வேலை செய்யுதவளாச்சே, வழி தெரிஞ்ச மாடு." "சிரிச்சேனே அக்கா." "சிரிச்சா கை மறந்துருமா? அப்படின்னா நான் இதுவரைக்கும் ஒரு டெஸ்டும் போட்டிருக்க மாட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மஞ்சளாத்தான் வரும், பாரு. இந்த ஜில்லாவுல எச்சி படாம எவ வளந்திருக்கா?" என்றாள். "நான்." "நீ வளந்தே. சரி. கெட்டிக்குடுத்த இடம்? நாலு வருசமா கடப்புறத்து வீட்டுல ஒரே சட்டிச் சோறு. அவங்க உன்னைய விட்டுருப்பாங்களா?" ஆய்வு ஆரம்பித்த முதல் நாள் சோதனை ஓட்டத்துக்கு அவள் ரத்தத்தைத்தான் போட்டோம். "எம்புட்டு மஞ்சள்! கோயில் கொடைக்கு முளைப்பாரி எடுக்கிறவ சேலை மாதிரில்லா வந்துச்சு" என்று மறுபடி அதைச் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்காமல் எண்ணிக்கொண்டு கழுவினேன். நான்கு, ஐந்து. தட், தட், தட்.

அக்கா சொல்வதும் சரிதான். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த முதல் நாள் என் புருஷன் ரெமிஜியுஸின் அம்மா, கொரற்றி மாமி, பெரிய சட்டியில் சோறும் சாளை மீன் குழம்பும் போட்டுப் பிசைந்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு உருண்டை ரெமிக்கு, ஒன்று அவன் தங்கை ஜெனோவாவுக்கு, ஒன்று தன் வாய்க்கு, விரலை நக்கிவிட்டு அடுத்தது எனக்கு. ஊட்டினாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் திறந்தேன், மென்றேன், விழுங்கினேன். முதன்முதலாக மீன், முதன்முதலாக இன்னொருவர் நக்கிய விரல். எது அதிகமாகத் தொண்டையில் நின்றது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் முகம் சுளிக்கவில்லை. அந்த ஒரு வாய் சோற்றை மாமி இப்போதும் விருந்தாளிகளிடம் சொல்கிறாள். "பிள்ளமாரு வீட்டுப் பொண்ணு, ஒரு சுளிப்பு கிடையாது." ஒரு வருஷம் கழித்து அவர்கள் திருநெல்வேலிக்கு வந்தபோது அம்மா காபியைப் பேப்பர் கப்பில் கொடுத்தாள். கடையில் போய் வாங்கி வைத்திருக்கிறாள். திரும்பும்போது ரயிலில் ஜெனோவா என்னிடம் மெல்ல, "மைனி, உங்க வீட்டுல எல்லாருமே பேப்பர் கப்புலதான் குடிப்பீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ஜெனோவாவின் புருஷன் கப்பலில் இருக்கிறான், அவளும் பிள்ளையும் எங்களோடு. டெல்ஃபிக்கு இரண்டு வயது. ஜூன் மாதத்திலிருந்து ப்ளே ஸ்கூலுக்குப் போகிறாள், பதினேழு பிள்ளைகள், பதினேழு மூக்கு. சாயங்காலம் நான் நுழைந்ததும் ஓடிவந்து, தன் வாயிலிருக்கும் பிஸ்கட்டை எடுத்து, "அத்த, ம்" என்று என் வாயில் வைப்பாள். கொழகொழவென்று சூடாக இருக்கும். நான் தின்பேன். தின்றுவிட்டு ஆ என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நம்ப மாட்டாள். குழி தெளிவாக நின்றால் இது நிற்க வேண்டும். அவள் தட்டில் சாப்பிடக்கூடாது, வாயில் முத்தம் கூடாது, ஜட்டி மாற்றினால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். டாக்டர் எல்லோருக்கும் சொல்வதுதான். வேறு ஒருத்தி சொன்னால் அது சுகாதாரம். நான் சொன்னால்? தனித் தம்ளர் எடுத்து வைப்பேன், டெல்ஃபி நீட்டும் பிஸ்கட்டுக்கு முகத்தைத் திருப்புவேன், மாமி உருண்டை பிடிக்கும்போது தட்டில் வையுங்கள் என்பேன். அம்மாவின் கைகள் என் கைகளுக்குள் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்யும். நாலு வருஷம் மென்று விழுங்கியதை ஒரு வாரத்தில் துப்பிவிட்டதாக ஆகும். சொல்லாமல் பேசாமல் தின்றுகொண்டே இருக்கலாம் என்றும் ஒரு நினைப்பு வருகிறது. அந்த நினைப்பு செல்லக்கனி வரைக்கும் போய் நின்றுவிடுகிறது.

நிறம் வரவைக்கும் திரவத்தை ஊற்றிவிட்டேன், பிளேட்டை மேசை இழுப்பறைக்குள் இருட்டில் வைத்தாயிற்று. பதினைந்து நிமிஷம். முதலில் நீலமாக வரும், கடைசியில் அமிலம் விட்டதும் மஞ்சளாக மாறும். இழுப்பறையைத் திறக்கக்கூடாது. திறக்க மாட்டேன். கை அதன் பிடியின்மேல்தான் இருக்கிறது. மஞ்சளாக வந்தால் மட்டும் எல்லாம் முடிந்துவிடுமா என்றும் கேட்டுக்கொள்கிறேன். எதிர்ப்பு இருக்கிறவளுக்கும் வைரஸ் மறுபடி கண் விழிக்கலாம், வேறு வகை வந்து சேரலாம், அபூர்வமாகக் குழந்தைக்கும் போகலாம். டாக்டர் அதையும் சொன்னார். "எதிர்ப்பு இருக்குன்னா பூட்டியாச்சுன்னு அர்த்தமில்ல. ஆனா முதல் தடவை வர்ற அடி பெரிய அடி." மஞ்சள் என்றால் அது முப்பிடாதியுடையதா, போன மாத டெல்ஃபியுடையதா என்று பிரித்தறிய வேறொரு சோதனை வேண்டும். அது இங்கே இல்லை, சென்னைக்கு அனுப்ப வேண்டும். கேள்விகள் தீர்வதில்லை, இடம்தான் மாறுகின்றன. ஆனாலும் இந்த இருநூற்று ஐம்பத்தெட்டுப் பேரை நினைக்கும்போது எனக்குப் பயத்தைவிட வேறொன்று வருகிறது. ஒவ்வொருத்தியின் பின்னாலும் ஒரு வாய் இருக்கிறது. யாரோ மென்று ஊட்டியது, யாரோ பாதி தின்று கொடுத்த கொய்யா, பால். அந்த வாய்க்குப் பின்னால் இன்னொரு வாய். போய்க்கொண்டே இருக்கும். ஒருத்திக்கும் நினைவில்லாததை ரத்தம் எழுதிவைத்திருக்கிறது. பன்னிரண்டு பேருக்கு மட்டும் எழுதவில்லை. அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று பார்க்க ஒரு நாள் மத்தியானம் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் எங்கள் அம்மா வீடு மாதிரி வீடுகளாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தி டீச்சரின் ஒரே மகள், சரி. ஒருத்தி தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிறவள், கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர், ஒரே அறை வீடு. ஒருத்தி விடுதியில் வளர்ந்தவள், அறுபது பிள்ளைகளோடு. காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. ஏழு பேரோடு ஒரே அறையில் வளர்ந்தவளைத் தொடாமல் போயிருக்கிறது. அப்படியானால் எங்கள் வீட்டுப் புளியும் தனிக் கொடியும் எதையும் தடுத்திருக்க வேண்டியதில்லை. தடுத்திருக்கவும் செய்யலாம். வயிற்றுக்குள் இருப்பது இப்போது என் கட்டைவிரல் நீளம். காது உருவாகிக்கொண்டிருக்கிறது என்று ஸ்கேன் எடுத்தவர் சொன்னார். உருவாகும் காதுக்கு என்ன கேட்கும்? இன்னும் ஒன்றும் கேட்காது. கேட்க ஆரம்பிக்கும்போது முதலில் என் வயிற்றின் சத்தம்தான்.

"ஏட்டி, மணி ஆச்சு" என்றாள் தங்கராணி அக்கா. இழுப்பறையைத் திறந்தேன். நீலம். ஊதா கலந்த நல்ல நீலம், வரிசை வரிசையாக. அமிலத்தை விட்டுக்கொண்டே போனேன், விட விட மஞ்சளாகியது. இந்த மாற்றத்தை நூறு தடவை பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் ஒரு நொடி அதையே பார்த்தேன். எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவது வரிசையில் மேலிருந்து கீழாக ஐந்து மஞ்சள், ஒரு தண்ணீர், இரண்டு மஞ்சள். ஆறாவது. என் கண் மற்றக் குழிகளுக்குப் போய் எண்ணியது, பிளேட் முழுவதும் இப்படி நான்கு தெளிவான குழிகள், சோதனை ஒழுங்காக நடந்ததா என்று காட்டும் கட்டுப்பாட்டுக் குழிகள் எல்லாம் சரி. மறுபடி ஆறாவதற்கு வந்தது. தங்கராணி அக்கா என் தோள்மேல் குனிந்து பார்த்தாள். "போடாமத்தான் விட்டிருக்கே" என்றாள் உடனே. "நாந்தான் பேச்சுக் குடுத்துட்டேன். நாளைக்குத் திருப்பிப் போடுவோம். அதுவரைக்கும் ஒண்ணும் நினைக்காதே." அவள் எனக்கு ஒரு ராத்திரியைக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பிஸ்கட்டைத் தின்னலாம், ஆ காட்டலாம். நான் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தேன். ரத்தநீரைக் கலக்கிவைத்த சின்னக் குழாய்கள் தாங்கியில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி கலந்தோம், அதிலிருந்து பிளேட்டுக்கு எடுத்தது பத்தில் ஒரு பங்கு. எடுத்திருந்தால் மட்டம் கோட்டுக்குக் கீழே நிற்கும், எடுக்காவிட்டால் கோட்டில் நிற்கும். மாணவிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். ஒரு மணி நேரமாக இந்த யோசனை எனக்கு வரவில்லை. வரவில்லை என்பது பொய், வந்த பக்கமெல்லாம் முப்பிடாதியையும் பஸ்காரியையும் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தேன். முன்னூற்று நாற்பத்தொன்றை எடுத்தேன், முன்னூற்று நாற்பத்திரண்டை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டும் ஒரே மட்டம். கோட்டுக்குக் கீழே. அக்காவிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள், முன்னூற்று நாற்பத்திமூன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்றையும் தாங்கியில் திருப்பி வைத்தாள். கை தானாகப் போட்டிருக்கிறது. பயம் வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது ஆச்சரியம்தான். நாலு வருஷம், அத்தனை உருண்டை, அத்தனை பிஸ்கட், ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. நான் அந்த நூற்றில் ஐந்து பேரில் ஒருத்தி. குறிப்பேட்டில் நாளை மறுபரிசோதனை என்று எழுதினேன், எழுதும்போதே அது என்ன சொல்லும் என்று தெரிந்தது.

ஜெனோவாவுக்குப் போன் செய்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றால் அதற்குள் பிஸ்கட் வந்துவிடும். "என்ன மைனி, இந்த நேரத்துல?" "டெல்ஃபி என்ன செய்யுதா?" "சட்டியில ஒட்டியிருக்கதச் சுரண்டி எனக்கு ஊட்டுதா. வேற என்ன சோலி அவளுக்கு?" எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. ஒரே மூச்சில் சொன்னேன், பிள்ளை பிறக்கிற வரைக்கும் அவள் கடித்ததை நான் தின்னக்கூடாது, வாயில் முத்தம் கூடாது, மாமி ஊட்டவும் கூடாது. "எங்க பிள்ளைக்கு என்ன சீக்கு?" என்றாள் ஜெனோவா. குரல் ரயிலில் கேட்ட அதே மெதுவான குரல். "சீக்கு இல்ல. அவகிட்ட இருக்கான்னே தெரியாது. ஊர்ல எல்லாருக்கும் சின்னதுல வந்து போன ஒரு கிருமி எனக்கு வரல. இன்னைக்கு டெஸ்ட்ல பாத்தேன். இப்போ புதுசா வந்தா வயித்துல இருக்கிறதுக்குக் காது போயிரும்னு பயம். கோளாறு எங்கிட்டதான் ஜெனோவா." "எல்லாருக்கும்னா எனக்கும் வந்திருக்குமா?" "வந்திருக்கும்." "அம்மைக்கு?" "வந்திருக்கும்." "உங்க அம்மைக்கு?" இதை நான் யோசித்ததே இல்லை. "தெரியல. பாதிக்கு மேல வாய்ப்பிருக்கு." அவள் மூக்கால் சிரித்தது மாதிரி இருந்தது. பிறகு சிரிப்பு இல்லாமல், "நாலு வருசமா எங்ககூட ஒரே சட்டியில தின்னிருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணுகூட ஒட்டலையா மைனி?" என்றாள். ஒட்டவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது, அதுதான் உண்மை, சொன்னேன். தங்கராணி அக்கா பிளேட்டை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். "சரி" என்றாள் ஜெனோவா கடைசியில். "அம்மைக்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க சொல்லாண்டாம். நீங்க சொன்னா வேற மாதிரி விளங்கும்." நான் ஏதோ சொல்லப் போனேன், "போனை வைங்க, இவ பிடுங்குதா" என்றாள். ஆனால் வைப்பதற்குள் டெல்ஃபி வாங்கிவிட்டாள். மூச்சு கேட்டது, அடைத்த மூக்கோடு வாயால் விடும் மூச்சு. "அத்த" என்றாள். பிறகு போனை வாயோடு சேர்த்து அழுத்தி ஒரு முத்தம், நீளமாக, ஈரமாக, சுரண்டிய சோறோடு. சத்தம் காதுக்குள் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. நான் போனை இன்னும் இறுக்கமாகக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொன்று கொடு என்றேன்.